ஒருங்கமை சமன்பாடுகளும் கட்டப்பலகையும்

அறியாக் கணியங்கள் பலவற்றை ஒருங்கே காணும் முறைக்கு மிகப் பழைய சான்று சீன தேசத்திலுள்ளது. 'ஒன்பது அதிகாரங்கள்' என்னும் கணித நூலின் எட்டாம் அதிகாரம் முழுவதும் இப்பொருள் பற்றியதே. அந்நூலுக்கு இலியூ உய் என்பார் கி.பி. 263இல் உரை வகுத்தாராகலின், மூலம் அதனினும் முந்தியதாம்.

அவ்வதிகாரத்தின் முதற் கணக்கு வருமாறு: உயர்ந்த கதிர்க்கட்டு 3, நடுத்தரக் கட்டு 2, தாழ்ந்த கட்டு 1 ஆகியன சேர்ந்து 39 படி தானியந் தரும், முறையே 2, 3, 1 ஆயின் 34, 1, 2, 3 ஆயின் 26. (படியென்றது ஈண்டுச் சீனரது முகத்தலளவையை.) கணக்கர் பலகையிலே குச்சிகளை நிரல்பட வைத்து, ஒரு நிரலைப் பெருக்கி, அதனின்று மற்றொன்றைக் கழித்துக் கழித்து, கணியங்களை ஒவ்வொன்றாக நீக்கினர். விடை 9¼, 4¼, 2¾. கழிக்குமிடத்து எதிரெண் தோன்றுமாதலால், நேரெண்ணுக்குச் செங்குச்சியும் எதிரெண்ணுக்குக் கருங்குச்சியும் கொண்டனர். எதிரெண்ணை ஏற்க ஐரோப்பியர் பன்னூறாண்டு பின்னருந் தயங்கினர் என்பது நினைக்கத்தக்கது.

வானியலாருக்கு வந்த இடர்ப்பாடு வேறு. நோக்கல்கள் பலவாக, அறியவேண்டிய கணியங்களோ சிலவாயின. நோக்கற் பிழையால் சமன்பாடுகள் தம்முள் முரணின. பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அக்கூட்டுத்தொகையை இழிவாக்கும் முறையை இலெசாந்தர் 1805இல் வெளியிட்டார். தாம் 1795 முதலே அதனைக் கையாண்டதாகக் கவுசு 1809இற் கூறவே, முதன்மை பற்றிப் பூசல் விளைந்தது.

1979இல் விசிகால்க் என்னும் விரிதாள் வெளிவந்தது. சீனரின் பலகையே கணினித் திரையில் மீண்டதெனின் மிகையாகாது. அதனை விற்பனைக்குக் கொணர்ந்த தான் பில்சுத்திராவே பின்னர் நிறுவிய புரொன்ட்லைன் நிறுவனம் ஆக்கிய சோல்வர் என்னுங் கருவி, 1991இல் எக்செல் விரிதாளோடு சேர்ந்தது. ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்க்க இதனைக் கையாள்வோர் பலர் இலெசாந்தர் வழியையே பின்பற்றுவர். மேற்கூறிய கணக்கில் மூன்று விடைகளையும் பூச்சியமெனத் தொடங்கினால் பிழைவர்க்கங்களின் கூட்டுத்தொகை 3353. கருவி விடைகளைச் சிறிது சிறிதாக மாற்றி அத்தொகையைப் பூச்சியத்துக்கு அணித்தாக இறக்கும்.

எனினும் இவ்விரு வழிகளும் ஒன்றல்ல. x+y=10, 2x+2y=24 என்பவற்றை எடுத்துக்கொள்க. நீக்கன்முறை 0=4 என்று முடிந்து, முரண்பாட்டை உடனே வெளிப்படுத்தும். கருவியோ x+y=11.6 ஆகுமாறு ஏதோவொரு விடையைத் தந்து, தீர்வு கண்டதாகவே அறிவிக்கும். அவ்விடையின் x, y எவையென்பது தொடக்கத்தில் இட்ட எண்களைப் பொறுத்தது. கூட்டுத்தொகை 3.2இல் நின்றுவிட்டதைக் கட்டத்திற் பார்ப்பவனே முரணை அறிவான்.