ஹக்கலையின் றோசாவும் சிங்கோனாவும்

ஏப்பிரல் மாதத்தில் நுவரெலியாவுக்குச் செல்வோரை ஹக்கலைத் தாவரவியற் பூங்காவுக்கு ஈர்ப்பவை அதன் றோசா மலர்களே. ஆயினும், அது மலருக்காகத் தோன்றிய இடமன்று. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராகத் துவைற்சு விளங்கிய காலத்தில், 1861ஆம் ஆண்டு, மலேரியாவுக்கு மருந்தாகும் குயினைனைத் தரும் சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்க்கவே அங்கு நிலம் திருத்தப்பட்டது. அந்தீசு மலைச்சாரலுக்குரிய மரம் அது. தோட்டத்துரைமார் முதலில் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1869இல் கோப்பி இலைநோய் தோன்றிப் பரவிய பின்னரே அதன்பால் அவர்தம் நாட்டம் திரும்பிற்று. தோட்டங்களில் நாற்று நட்டுப் பட்டை உரித்தோர், பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். ஹக்கலையின் வரலாற்றைத் துவைற்சோடு நிறுத்திக்கொள்வது, என் கருத்தில், அரைகுறை வரலாறே.

1880களில் இலங்கைப் பட்டை உலகச் சந்தையில் மலிந்து விலை வீழ்ந்தது. யாவாவின் உயர்தரப் பட்டையும் போட்டிக்கு வந்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. ஹக்கலையோ 1884 முதல் பூங்காவாக உருப்பெறலாயிற்று.

றோசாவின் கதையும் வணிகத்தோடு பிணைந்ததே. ஐரோப்பாவின் பழைய றோசாக்களிற் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறையே பூத்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு வணிகக் கப்பல்களிற் சென்ற சீன றோசாக்களோடு கலந்த பின்னரே, மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்பு அவற்றின் வழித்தோன்றல்களுக்கு வாய்த்தது. 1867இல் வெளிவந்த ‘லா பிரான்சு’வுக்கு முற்பட்ட வகைகளையே இன்று மரபு றோசாக்கள் என வழங்குகின்றனர். ஹக்கலையில் முதற் சிங்கோனா நாற்றுகள் வேரூன்றிய காலமும் ஏறத்தாழ அதுவே.