கம்பம் நட்ட கைகளும் கல்லூரி வாசலும்



"டெலிகாம் படிப்பா? கம்பத்துல ஏறுற வேலைதானேங்க!" என்று நம்மவர் சிலர் இன்றும் கேட்பதுண்டு. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் காட்டை வெட்டி, சாலை போட்டு, தண்டவாளம் பதித்து, தந்திக் கம்பம் நட்டதில் நம் பாட்டன்மாரின் பங்கு பெரிது. கம்பம் நட்டது நாம். கம்பியில் பேசியது துரை. ஆங்கிலம் கற்றிருந்த யாழ்ப்பாணத் தமிழர் பலர் இரயில்வேயிலும் தபால் தந்தி இலாகாவிலும் உத்தியோகம் பெற்றனர். பால்மரக் காட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவு எட்டவில்லை.

அந்நாளில் இத்துறையைப் பெரும்பாலும் இலாகாவில் சேர்ந்த பிறகே கற்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஏற்பட்ட தொழில்நுட்பப் பள்ளி, அரசாங்க இலாகாக்களுக்கு உதவியாளர்களைப் பயிற்றுவித்தது. பின்னர் அது கல்லூரியாக வளர்ந்து, 1975ல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்னும் பெயர் பெற்றது.

உலகமும் சும்மா இருக்கவில்லை. 1966ல் இங்கிலாந்தில் சார்லஸ் காவ் என்ற சீனப் பொறியாளர், கண்ணாடி இழையில் ஒளி சீக்கிரம் மங்குவதற்குக் கண்ணாடியில் கலந்துள்ள அழுக்கே முக்கியக் காரணம் என்று விளக்கினார். தூய கண்ணாடி கிடைத்தால் செப்புக் கம்பிக்குப் பதில் ஒளியே செய்தி சுமக்கும் என்றார். அப்படியே நடந்தது. 2009ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் 1985ல் கம்பியில்லாக் கைத்தொலைபேசிச் சேவை தொடங்கியது. 1987ல் தொலைத்தொடர்பு இலாகா நிறுவனமாக மாறியது. 1996ல் அந்நிறுவனமே மலாக்காவில் டெலிகோம் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. 1999ல் சைபர்ஜெயாவிலும் வளாகம் எழும்ப, பெயர் மல்டிமீடியா பல்கலைக்கழகம் என்றானது. 2002ல் கோலாலம்பூர் பல்கலைக்கழகம் அமைந்தது. கோம்பாக்கிலுள்ள அதன் பிரிட்டிஷ் மலேசியக் கழகத்தில் தொலைத்தொடர்புப் பொறியியல் தொழில்நுட்பம் பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. மேருவிலிருந்து பார்த்தால் இவற்றில் இரண்டு நம் பக்கத்து ஊர்கள்தாம்!

பொறியியல் வேறு, பொறியியல் தொழில்நுட்பம் வேறா? இரண்டுக்கும் கணக்கும் பௌதிகமும் அடிப்படை. முன்னதில் கோட்பாடு ஓங்கும். பின்னதில் ஆய்வுக்கூடமும் கைப்பழக்கமும் ஓங்கும். அலைவாங்கி, கண்ணாடி இழை, துணைக்கோளம், எண்முறைச் சைகை எல்லாம் பாடத்தில் வரும். "கைவேலைப் படிப்பு" என்று இதைத் தாழ்த்த வேண்டாம். தொழில்நுட்பவியலாளர்களைப் பதிவு செய்யவே 2015ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது.

ஆனால் ஒன்று. இந்தக் கதவு ஐந்தாம் படிவம் முடித்த பிறகு திடீரென்று திறப்பதல்ல. நம் பிள்ளை தமிழில் கற்ற கணக்கை இடைநிலைப்பள்ளியில் மலாயில் தொடர வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் தொடர வேண்டும். இடையில் எத்தனையோ பிள்ளைகள் தடுமாறி, "கணக்கு நமக்கு வராதுப்பா" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அங்கேதான் நாம் தோற்கிறோம்.

ஆகவே பெற்றோர்களே, வேலை முடிந்து களைத்து வந்தாலும், "இன்னிக்கு என்ன கணக்கு போட்ட?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாணவமணிகளே, இன்று மேடையில் வாங்கும் பரிசை நாளைய பட்டத்துக்கு முன்பணமாக எண்ணுங்கள். பாட்டன் நட்ட கம்பத்தின் வழியே பேரன் பேச வேண்டாமா?