மர்ம நாவலும் மஞ்சள் கவரும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போறவங்க, மலை ஏறுறதுக்கு முன்னாடி ரோட்டோரமா ஒரு பழைய வளைவைப் பார்த்திருப்பீங்க. மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர்.சுந்தரம் 1930களில் ஆரம்பித்த ஸ்டுடியோ. நூற்றுக்கும் மேல் படங்கள் எடுத்த இடத்தில் இப்போ வீடுகள்தான் இருக்கு. வளைவு மட்டும் மிச்சம்.

அந்த ஸ்டுடியோவின் 1950ம் வருஷப் படம் 'திகம்பர சாமியார்'. நம்ம எம்.என்.நம்பியார்தான் ஹீரோ! வேஷத்துக்கு மேல வேஷம் போட்டுத் துப்பறிவார். கதை வடுவூர் துரைசாமி ஐயங்காருடையது. மன்னார்குடி பக்கத்து வடுவூர்க்காரர். 1942ல் இறந்துட்டார், அதனால் இந்தப் படத்தை அவர் பார்க்கலை. அவரோட 'மேனகா' 1935லேயே படமாயிடுச்சு. அவர் காலத்திலேயே ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர்.ரங்கராஜு என்று ஒரு பெரிய செட்டே துப்பறியும் நாவலா எழுதித் தள்ளிக்கிட்டு இருந்தது.

இவங்களையெல்லாம் ரொம்ப நாள் இலக்கிய வரலாற்றில் கடைசி பெஞ்சில்தான் உட்கார வெச்சிருந்தாங்க. "ரயிலில் படிச்சிட்டு தூக்கிப் போடற புத்தகம்தானே" என்கிற அலட்சியம். வெளிநாட்டிலும் இந்த அலட்சியம் உண்டு. ஆனா அங்கே சில பல்கலைக்கழகங்கள் புத்திசாலித்தனமா ஒரு வேலை பண்ணியிருக்கு.

ஜார்ஜ் சிம்மனோன் என்று ஒரு பெல்ஜியக்காரர். இன்ஸ்பெக்டர் மெக்ரேயை உருவாக்கியவர். மெக்ரே நாவல்கள் மட்டுமே 75. சொந்தப் பெயரில் மொத்தம் இருநூறை ஒட்டி வரும், புனைபெயரில் எழுதினது தனிக் கணக்கு. 1976ல் தன்னோட காகிதங்களை, பிறந்த ஊரான லியேஜின் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துட்டார். அதில் ரொம்பப் பிரபலமானது மஞ்சள் கவர்கள். நாவல் ஆரம்பிக்கும் முன்னாடி, ஒரு பெரிய கவரின் முதுகில் பாத்திரங்களோட பேர், வயசு, விலாசம், சொந்த பந்தம் எல்லாம் குறிச்சு வெச்சுக்குவார். பேர் தேட டெலிபோன் டைரக்டரியைப் புரட்டுவாராம். அப்புறம் உட்கார்ந்தால் பத்து நாள் வாக்கில் நாவல் ரெடி.

பெர்ரி மேசன் கதைகளை எழுதிய ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் காகிதங்களும் இதே மாதிரி டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கு.

எங்க தொழில் பாஷையில் சொன்னா, அச்சான நாவல் வெறும் எக்ஸி ஃபைல். ஓடும், ஆனா உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாது. மஞ்சள் கவர்தான் சோர்ஸ் கோடு. இவ்வளவு வேகமா ஒரு மனுஷன் எப்படி எழுதினான் என்பதற்கு விடை அதில்தான் கிடைக்கும். கோயமுத்தூரில் இருந்துகொண்டு ஆயிரத்தைந்நூறுக்கும் மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமாரை நினைச்சுப் பாருங்க. அந்த உழைப்பின் சோர்ஸ் கோடு எவ்வளவு சுவாரஸ்யமா இருக்கும்!

நம்ம ஊரில் இந்த வேலையைப் பல்கலைக்கழகத்துக்கு முன்னாடி ஒரு தனி மனுஷர் செஞ்சார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் போர்டு எழுதுற கலைஞர், ரோஜா முத்தையா. 'இது உசத்தி, இது மட்டம்' என்று பிரிக்காமல் நாவல், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாத்தையும் சேர்த்தார். 1992ல் அவர் மறைந்தபோது ஒரு லட்சம் அளவுக்குச் சேர்ந்திருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிச்சு. நல்லவேளையா கப்பல் ஏத்திக்கொண்டு போகலை. 1994ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாச்சு. பக்கங்களை மைக்ரோஃபிலிமில் பதிஞ்சாங்க. பழைய தமிழ் நாவல் பற்றி ஆராய்ச்சி பண்ணுறவங்க இன்னிக்கும் போய் நிற்கிற வாசல் அது.

சேர்வராயன் மலைக்கும் இந்தச் சேகரிக்கிற புத்தி புதுசில்லை. 1863ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார். அவர் சேர்த்த கற்களை 1904ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிச்சு. ஒவ்வொன்றும் எங்கே கிடைச்சதுன்னு அவர் குறிச்சு வெச்சதால்தான் அதற்கு மதிப்பு. இல்லேன்னா அது வெறும் உடைஞ்ச கல்.

மர்ம நாவலும் அப்படித்தான். கல்லாவது ஆயிரக்கணக்கான வருஷம் தாங்கும். நியூஸ்பிரிண்ட் தாங்காது. அதிலும் எங்க மலைப் பக்கம் மழைக்காலம் வந்துட்டா, பரண் மேல் கிடக்கிற பாக்கெட் நாவலில் பூஞ்சணம் பிடிச்சுடும். ரெண்டு வருஷத்தில் ஓரம் பழுப்பாகி, தொட்டாலே உதிரும். தப்பிச்சது எடைக்குப் போகும்.

உங்க வீட்டுப் பரணிலும் அப்பாவோ சித்தப்பாவோ பஸ் ஸ்டாண்டில் வாங்கினது ஒரு கட்டு கிடக்கலாம். எடைக்குப் போடறதுக்கு முன்னாடி தூசி தட்டி, பேரும் மாசமும் வருஷமும் ஒரு நோட்டில் எழுதுங்க. அப்புறம் ஏதாவது நூலகத்தைக் கேட்டுப் பாருங்க. கிலோவுக்குப் பத்து ரூபாயோ பதினைஞ்சோ நஷ்டம். போனால் போகட்டும்.