மூதூர்ப் படுகொலையும் தடயவியல் அறிக்கையின் சுருக்கமும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள மூதூரில், 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி 'அக்சன் பாம்' என்னும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர் 17 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம்.

அவ்வாண்டு ஒக்டோபரில் தோண்டியெடுக்கப்பட்ட சடலங்களின் பரிசோதனையில் அவுஸ்திரேலியத் தடயவியல் மருத்துவ நிபுணர் மல்கம் டொட் பார்வையாளராகக் கலந்துகொண்டார். மீட்கப்பட்ட சன்னங்களுள் ஒன்றை அவர் 5.56 மில்லிமீற்றர் எனத் தமது அறிக்கையில் குறித்தார். அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையிலோ அத்தகைய சன்னம் இடம்பெறவில்லை. சர்வதேச சட்டவியலாளர் ஆணைக்குழு 2007இல் இம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியது. பின்னர் டொட், அது 7.62 மில்லிமீற்றர் சன்னமே எனத் திருத்தம் கூறினார்.

இது வெறும் அளவுப் பிரச்சினையன்று. 7.62 மில்லிமீற்றர் ரவையைச் சுடும் ரி-56 துப்பாக்கி போரின் பல தரப்பினரிடமும் இருந்தது, 5.56 என்றால் சந்தேக வட்டம் வெகுவாகச் சுருங்கியிருக்கும். உதலாகம ஆணைக்குழு இராணுவத்தை விடுவித்து, புலிகள் மீதும் முஸ்லிம் ஊர்காவற் படையினர் மீதும் சந்தேகத்தைத் திருப்பியதாக 2009இல் செய்திகள் வெளிவந்தன. 2013இல் தொண்டு நிறுவனமோ அரச பாதுகாப்புப் படையினரையே குற்றஞ்சாட்டியது. தடயம் தெளிவற்றுப் போனால் பழி ஒரு சமூகத்தின் மீது எவ்வளவு இலகுவாக இறங்கிவிடுகின்றது என்பதைத் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் இம்மாவட்டம் நன்கறியும்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 414ஆம் பிரிவு, பகுப்பாய்வாளரைச் சாட்சிக்கு அழைக்காமலே அவரது அறிக்கையைச் சான்றாக ஏற்க இடமளிக்கின்றது. ஆயினும் அச்சலுகை அவர் கையொப்பமிட்ட அறிக்கைக்கு உரியது. அதனைப் பிறர் சுருக்கி எழுதிய குறிப்புக்கு உரியதன்று. 'சன்னங்கள் மீட்கப்பட்டன' என்ற ஒரு வரியில் அளவும், மீட்ட இடமும், முத்திரையிட்டவர் யார் என்பதும் மறைந்துவிடும். குறுக்கு விசாரணை தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

அரசியலமைப்பின் 139(2)ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றம் மேலதிகச் சான்றை ஏற்கலாம். ஆனால் மூலப்பொருள் தொலைந்த பின் எதனை ஏற்பது? சன்னம், ஊடுகதிர்ப் படம், புகைப்படம், கையளிப்புப் பதிவு ஆகியன ஆண்டுகள் கடந்தும் நீதிமன்றக் காப்பில் இருந்தாக வேண்டும். மூதூர் விடயத்திலோ 2013இல்கூட எவர்மீதும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டிருக்கவில்லை.