ஈரலை எழுப்பும் இதயம்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாவிக்கரையில் அமைந்த ஊர் தன்னாமுனை. அத்தகைய ஊர்களின் வீட்டு முற்றங்களில் அடைகாக்கும் கோழி 21 நாளிற் குஞ்சு பொரிக்கும் என்பதை அறியாதார் இலர். ஆயின், அவ்வோட்டினுள் நாள்தோறும் நிகழ்வது யாது என்னும் வினா மிகப் பழையது.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன், அடைமுட்டைகளை உடைத்து ஆராய்ந்தார். குருதித் துளிபோல் ஒரு புள்ளி துடிக்கக் கண்டு, அதுவே இதயம் என்றார். அவ்விதயம் பிற உறுப்புக்களின் பிறப்பிற்கும் உதவுகின்றதோ என்பது நெடுங்காலம் விளங்கவில்லை.

1924 இல் செருமானிய அறிஞர் இசுப்பீமனும் அவர் மாணவி இல்டே மங்கோல்டும், முளையத்தின் ஒரு பகுதி அயற்பகுதியைத் தூண்டி உருமாற்றும் உண்மையை நிறுவினர். பள்ளி ஆசிரியையாயிருந்து ஆராய்ச்சிக்கு வந்த பிரெஞ்சுப் பெண்மணி நிக்கோல் லெ துவாரன், 1960களில் இதனைக் கோழி முட்டையிற் பரிசோதித்தார். இதயம் தோன்றும் பகுதிக்கும் அதனை அடுத்த குடற்படைக்கும் இடையே தடையொன்றை வைத்தார், ஈரல் உருவாகவில்லை. இதயத்தின் அயலின்றி ஈரல் இல்லை என்பது தெளிவாயிற்று.

அயலவன் அனுப்பும் செய்தி யாது? எலி முளையத்தை ஆராய்ந்த கென்னத் சாரெட் குழுவினர், 1999 இல் அதற்கு விடை கண்டனர். இதயப் பகுதி சுரக்கும் வளர்ச்சிப் புரதங்களே அச்செய்தி. அவை கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியிற் பொருந்துகின்றன. செய்தி கைமாறிக் கைமாறிக் கருவை அடைகின்றது. ஈரலுக்குரிய மரபணுக்கள் விழிக்கின்றன. இதுவே சைகைப் பாதை எனப்படும். இச்செய்திக்கு அளவும் உண்டு: அப்புரதம் மிதமாயின் ஈரல், மிகுந்தால் நுரையீரல் என 2005 இல் அறியப்பட்டது. ஈரலையும் நுரையீரலையும் ஒரு பெயரின் கிளைகளாக வழங்கியது தமிழ். அவை ஒரு படையின் கிளைகள் என்றது ஆராய்ச்சி.

இஃது ஏட்டறிவு மட்டுமன்று. 'நொட்ச்' என்னும் வேறொரு சைகைப் பாதை பழுதுற்றால், ஈரலிற் பித்தக்குழாய்கள் குறைந்து, குழந்தை மஞ்சட்காமாலையால் வருந்தும். அலசீல் நோய் எனப்படும் இதன் முதன்மையான மரபணுக் காரணம் 1997 இல் வெளிப்பட்டது.

இதயத்தையும் ஈரலையும் சேர்த்து 'ஈரற்குலை' என்பது தமிழர் வழக்கு. கருவிலேயே அவை அயலவர் என்பதை உலகுக்கு உணர்த்தியது, முற்றத்துக் கோழியின் முட்டையே.