கலைந்த மாவட்டத்தின் கூட்டாளி

போலந்தின் மேற்குப் பகுதியில் போஸ்னான் என்னும் பெருநகரைச் சுற்றி வளையம்போல் கிடக்கிறது போஸ்னான் மாவட்டம். 17 உள்ளாட்சிகள் அடங்கிய இம்மாவட்டத்தின் தலைமை அலுவலகம் நகருக்குள்தான் இருக்கிறது. நகரமோ மாவட்டத்தில் சேராது. உக்ரைனிலும் இதே அமைப்பில் ஒரு மாவட்டம் இருந்தது. கீவ் நகரின் மேற்கிலும் தென்மேற்கிலும் பரவியிருந்த கீவ்-ஸ்வியாதோஷின் ரயோன் (மாவட்டம்) அது. அதன் அலுவலகமும் ரயோனின் எல்லைக்கு வெளியே, கீவ் நகரின் ஸ்வியாதோஷின் பகுதியில் இயங்கியது. இவ்விரண்டும் கூட்டாளி மாவட்டங்களாயின. பெருநகரின் விளிம்பில் இருப்பவர்களுக்கு வரும் தொல்லைகள் எங்கும் ஒன்றே: வயல்கள் வீட்டுமனைகளாகின்றன, காலையில் சாலை நகரை நோக்கி அடைத்துக்கொள்கிறது, பள்ளிகளில் இடம் போதுவதில்லை. பேசிக்கொள்ள இரு தரப்புக்கும் நிறையவே இருந்தது.

2020 ஜூலை 17 அன்று உக்ரைன் நாடாளுமன்றம் நாட்டின் 490 ரயோன்களை 136 ஆகக் குறைத்தது. கீவ்-ஸ்வியாதோஷின் ரயோன் வரைபடத்திலிருந்தே மறைந்தது. வீஷ்னேவே நகரம் புதிய பூச்சா ரயோனுக்குப் போனது. போயார்கா நகரம் ஃபாஸ்திவ் ரயோனுக்குப் போனது. கையெழுத்திட்ட தரப்பே இல்லாத நிலையில் ஓர் ஒப்பந்தம் என்னவாகும்? உக்ரைன் மாவட்டங்களின் வெளிநாட்டு உறவுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. எனக்கு அதுவே மையமான கேள்வியாகப் படுகிறது.

நகரங்களுக்கிடையேயான உறவு பழையது. ஒடேசாவும் லிவர்பூலும் 1957-லும், கீவும் லைப்சிக்கும் 1961-லும் இணைந்தன. ஃபிரைபுர்க் நகரம் லிவிவோடு 1989-லும், நியூரம்பெர்க் கார்கிவோடு 1990-லும் கைகோத்தன. நகரம் எளிதில் கலைவதில்லை. அதற்கு மேயர் உண்டு, தனி நிதி உண்டு, நூற்றாண்டுப் பெயர் உண்டு. மாவட்டம் அப்படியில்லை. அது நாடாளுமன்றம் வரைந்த கோடு. அடுத்த நாடாளுமன்றம் அதை அழிக்கலாம். போலந்துக்கும் இந்த அனுபவம் உண்டு. பொவியத் எனப்படும் அதன் மாவட்டங்கள் 1975-ல் ஒழிக்கப்பட்டு, 1999 ஜனவரி 1 அன்று மீண்டும் உயிர்பெற்றன. உக்ரைனிய ரயோன்களுக்குப் போலந்து மாவட்டங்களே அதிகம் தேடிவந்ததற்கு அண்டை நாடு என்பது மட்டும் காரணமாகாது. இரு நாடுகளும் ஒரே வகை மையப்படுத்திய ஆட்சியிலிருந்து வெளியேறியவை. அவற்றுள் போலந்து முன்னே நடந்துவிட்டது.

ஆனால் பெயரளவில் இணையாகத் தோன்றிய இந்த இரண்டு அமைப்புகளும் அதிகாரத்தில் இணையானவை அல்ல. பொவியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உண்டு. அம்மன்றம் தேர்ந்தெடுக்கும் ஸ்தாரோஸ்தா என்ற தலைவரும் நிர்வாகக் குழுவும் உண்டு. மேல்நிலைப் பள்ளிகள், மருத்துவமனைகள், மாவட்டச் சாலைகள், வேலைவாய்ப்பு அலுவலகம் எல்லாம் அதன் பொறுப்பு. புஷ்சிகோவோவில் உள்ள மருத்துவமனை போஸ்னான் மாவட்டத்துக்கே சொந்தம். உக்ரைனில் ரயோனுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உண்டு; அதற்குச் சொந்தமான செயலாட்சி இல்லை. முடிவை நிறைவேற்றுவது ரயோன் அரசு நிர்வாகம். அதன் தலைவரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். ஆக, ஸ்தாரோஸ்தா கீவுக்குச் சென்றால் இரண்டு கைகளைக் குலுக்க வேண்டியிருந்தது, மன்றத் தலைவரின் கையும் நிர்வாகத் தலைவரின் கையும். ஆட்சி மாறினால் இரண்டாவது கை மாறிவிடும்.

உக்ரைனில் 2014-ல் தொடங்கிய அதிகாரப் பரவலாக்கம் இந்த ஏற்றத்தாழ்வை இன்னும் ஆழமாக்கியது. இச்சீர்திருத்தம் மிகச் சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஊர்கள் இணைந்து ஹ்ரொமாதா என்ற வலுவான உள்ளாட்சிகள் ஆயின. வருமான வரியின் பெரும்பங்கு அவற்றுக்கு வந்தது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் படிப்படியாக அவற்றின் கைக்குப் போயின. விளைவாக ரயோன் பெரிதாயிற்று, ஆனால் வெறுமையாயிற்று. புதிய பூச்சா ரயோனில் 12 ஹ்ரொமாதாக்கள். மக்களின் அன்றாடத் தேவைகள் அனைத்தும் அவற்றின் பொறுப்பில். போஸ்னான் மாவட்டத்தின் உறவு பூச்சா ரயோனோடு தொடர்ந்தது என்றாலும், எதிர்முனையில் இருந்தவரிடம் மருத்துவமனையின் சாவி இல்லை.

இந்நிலையில்தான் 2022 பிப்ரவரி 24 வந்தது. படையெடுப்பின் முதல் நாளிலேயே ஹோஸ்தோமெல் விமானத்தளத்தில் ரஷ்யத் துருப்புகள் இறங்கின. அது பூச்சா ரயோனுக்குள் இருக்கும் ஊர். பூச்சா, இர்பின், பொரோத்யான்கா, மகாரிவ் என்று அதன்பின் உலகம் கேட்டுக் கலங்கிய பெயர்கள் யாவும் இந்த ஒரே ரயோனைச் சேர்ந்தவை. மார்ச் இறுதியில் ரஷ்யப் படை விலகியபோது பூச்சாவில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட உடல்கள் கண்டெடுக்கப்பட்டன.

அந்த வாரங்களில் போலந்து மாவட்டங்களிலிருந்து உதவி வண்டிகள் கிளம்பின. நாட்டியக் குழுக்கள், பூத்தையல் துண்டின் மீது ரொட்டியும் உப்பும், மாணவர் விடுமுறை முகாம்கள் என்று இருபது ஆண்டுகளாக நடந்தவற்றை வீண் சடங்கு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. யாரை அழைப்பது, யார் சொல்வதை நம்புவது என்ற அறிவு அச்சடங்குகளின் வழியேதான் சேர்ந்தது. எல்லையோரத்தில் இது இன்னும் தெளிவு. லுபாச்சுவ் மாவட்டத்துக்கும் யாவோரிவ் ரயோனுக்கும் இடையே புதோமியெஷ்–ஹ்ருஷிவ் கடவு 2013 டிசம்பரில் திறக்கப்பட்டிருந்தது. படையெடுப்பின் முதல் ஒரு மாதத்தில் போலந்துக்குள் வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஒரு பகுதியினர் இப்படிப்பட்ட சிறு கடவுகளின் வழியே வந்தனர். படுக்கையும் சூப்பும் தந்தவை அந்த எல்லையோர ஊர்கள்தாம்.

உதவி என்பது பொருளை ஏற்றி அனுப்புவதோடு முடிவதில்லை. ஒரு தீயணைப்பு வண்டியை எடுத்துக்கொள்வோம். போலந்தின் தன்னார்வத் தீயணைப்புப் படைகள் பழைய வண்டிகளைச் சீர்செய்து உக்ரைனுக்குக் கொடுத்திருக்கின்றன. வண்டி ஓடும், பம்பும் சுற்றும். ஆனால் போலந்திலும் ஜெர்மனியிலும் குழாய்களை இணைப்பது ஸ்டோர்ஸ் வகை இணைப்பான். உக்ரைனில் சோவியத் காலத்திலிருந்து இருப்பது பொக்தானோவ் வகை. ஒன்று மற்றொன்றில் பூட்டிக்கொள்ளாது. வண்டியோடு மாற்றிணைப்பான்களும் போகவேண்டும். இல்லையேல் எரியும் வீட்டின் முன் நிற்கும் வீரரின் கையில் இருப்பது பொருந்தாத குழாய். எந்த ஒப்பந்தத் தாளிலும் இது எழுதப்படுவதில்லை. ஒரு தீயணைப்பு நிலையம் இன்னொரு தீயணைப்பு நிலையத்தோடு நேரே பேசினால்தான் தெரியவரும்.

மின்னாக்கிகளின் கதையும் அதுவே. 2022 அக்டோபர் 10 முதல் உக்ரைனின் மின்கட்டமைப்பு மீது தொடர் ஏவுகணைத் தாக்குதல் நடந்தது. நவம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஐரோப்பிய நகரங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து மின்னாக்கி திரட்டும் இயக்கத்தைத் தொடங்கின. கடையில் கிடைக்கும் ஒற்றைமுனைச் சிறு மின்னாக்கி ஒரு வீட்டுக்கு ஒளி தரும். ஊர் முழுவதற்கும் வெந்நீர் அனுப்பும் கொதிகலன் நிலையத்தின் மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். எத்தனை கிலோவாட், எந்த மோட்டார் என்று சொல்ல வேண்டியவர் ஹ்ரொமாதாவின் பொறியாளர். அவர் பெயர் ரயோனின் முகவரிப் பட்டியலில் இருக்காது.

ஆகவே நான் வந்தடையும் முடிவு இது: கலைந்த ரயோனின் உறவு பிழைத்ததற்குக் காரணம் வாரிசுரிமை விதிகள் அல்ல, தொழில்வழிப் பழக்கமே. மருத்துவர் மருத்துவரையும், பள்ளித் தலைமையாசிரியர் இன்னொரு தலைமையாசிரியரையும் அறிந்திருந்த இடங்களில் எல்லைக்கோடு மாறியது யாரையும் பாதிக்கவில்லை. தலைவர்கள் மட்டும் அறிந்திருந்த இடங்களில் உறவு அவர்களோடு பதவி இறங்கிவிட்டது.

இப்போது கற்றுக்கொடுக்கும் திசையும் மாறியிருக்கிறது. போலந்தின் குடிமக்கள் பாதுகாப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. தங்குமிடங்கள், எச்சரிக்கை ஒலி, அவசரச் சேமிப்பு ஆகியவற்றில் ஸ்தாரோஸ்தாக்களுக்கும் பொறுப்பு வந்திருக்கிறது. பள்ளியின் நிலவறையில் வகுப்பு நடத்துவது எப்படி, மின்சாரமற்ற மருத்துவமனையில் அறுவை எப்படி என்பதை அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? பூச்சாவிலும் இர்பினிலும் உள்ளவர்களைவிடப் பட்டறிந்தவர்கள் ஐரோப்பாவில் குறைவு. கொடுப்பவர், பெறுபவர் என்ற பழைய பிரிவினை இந்த உறவுகளுக்கு இனிப் பொருந்தாது.

ரயோனின் எதிர்காலமோ தொங்கலில் நிற்கிறது. அதை முழுமையாகத் திருத்த அரசியலமைப்பை மாற்றவேண்டும். போர்க்காலச் சட்டம் நிலவும்போது அதை மாற்றுவதை உக்ரைன் அரசியலமைப்பின் 157-ஆம் கூறு தடைசெய்கிறது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பன்னாட்டு வட்டார ஒத்துழைப்புக்கென உக்ரைன் 2024-ல் தனிச்சட்டமே இயற்றியிருக்கிறது. வெளிநாட்டு மாவட்டம் ஒருபுறம், ரயோன் மறுபுறம் என்றிருக்கும் பழைய ஒப்பந்தங்களில் ஹ்ரொமாதாக்களை மூன்றாம் தரப்பாகச் சேர்த்துப் புதுப்பிக்கலாம். ஒவ்வொரு ஒப்பந்தத்தோடும் மருத்துவமனைக்கு ஒன்று, தீயணைப்பு நிலையத்துக்கு ஒன்று, வெப்பமூட்டும் நிலையத்துக்கு ஒன்று எனத் தனித்தனி இணைப்புத் தாள்கள் இருக்கவேண்டும். அத்தாள்களில் மன்றத் தலைவர்களோடு அந்தந்தத் துறைப் பொறுப்பாளரும் கையெழுத்திட வேண்டும்.