செஞ்சி: ஒரு கோட்டை, இரண்டு தலைவர்கள்

2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. தமிழ்நாட்டிலிருந்து ஒன்னே ஒன்னு: செஞ்சி. "அது தேசிங்கு ராஜன் கோட்டையாச்சே, இதுல மராட்டியர் எங்க வந்தாங்க?"ன்னு உங்களுக்குத் தோணலாம். நல்ல கேள்வி. தலைமைன்னா என்னங்கிற கேள்விக்கும் விடை இங்கதான் இருக்கு.

சிவாஜி 1677-ல் செஞ்சியைப் பிடித்தார். 1689-ல் அவருடைய மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். தலைநகர் ராய்கட்டும் விழுந்தது. இளைய மகன் ராஜாராமுக்கு அப்போது வயது 19. மாறுவேடத்தில் தப்பி செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். 1690-ல் முகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-ல்!

ராஜாராம் பெரிய போர்வீரர் இல்லை. ஆனால் ஆள் பார்த்து வேலையை ஒப்படைத்தார். மகாராஷ்டிரத்தின் நிர்வாகம் ராமச்சந்திர பந்த் கையில். களம் சந்தாஜி, தனாஜி கையில். மன்னரைக் கேட்டுத்தான் முடிவெடுக்கணும்னு அவர்கள் காத்திருக்கவில்லை. எதிர்ப்பக்கம் பாருங்க: இளவரசர் காம் பக்ஷுக்கும் ஜுல்ஃபிகருக்கும் ஒத்தே போகலை. இளவரசர் ரகசியமா மராட்டியரோடு பேசினார்னு சொல்லி அவரையே காவலில் வைத்தார்கள்.

ஒப்படைப்பதற்கும் ஒரு விலை உண்டு. சந்தாஜிக்கும் தனாஜிக்கும் பகை முற்றியது. ராஜாராமால் தீர்த்து வைக்க முடியலை. 1697-ல் சந்தாஜி கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு கோட்டையும் போனது. ஆனால் ராஜாராம் தப்பினார், அரசு பிழைத்தது. 1700-ல் அவர் இறந்த பிறகும் மனைவி தாராபாய் போரைத் தொடர்ந்தார்.

இப்ப 1714-க்கு வாங்க. அப்பா சொரூப் சிங்கின் இடத்துக்கு வந்த தேஜ் சிங், அதாவது நம்ம தேசிங்கு, ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானுக்குப் பணிய மறுத்தார். முகலாயரை ஏழு ஆண்டுகளுக்கு மேல் தடுத்து நிறுத்திய மதிலைவிட்டு வெளியே வந்து, சில நூறு குதிரைவீரர்களோடு பெரும்படையை நேருக்கு நேர் எதிர்த்தார். தானே முன்னால் போனார். விழுந்தார். அவரோடு செஞ்சியும் விழுந்தது.

ஊர் ஊரா கதைப்பாட்டாகப் பாடப்பட்டவர் தேசிங்குதான். ராஜாராமை இங்கே யாரும் பாடலை. துணிச்சல் பாட்டாகும்; வேலையைப் பிரித்துக் கொடுத்த திறமை எங்கே பாட்டாகும்? தேசிங்கின் வீரத்தை நான் குறைச்சுச் சொல்லலை. ஆனால் ஒரு தலைவரை அளக்க நான் கேட்பது இதைத்தான்: அவர் இல்லாத மறுநாள் என்ன மிஞ்சியது?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.